பூட்டுக்குள் சந்தனம்

தம்பி,

கையில் செல்போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். மன்னித்துக்கொள். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார். அவர் காதில் விழக் கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பேசலாம்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் ஆய்வகத்தில் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இதை எழுதுகிறேன். அடுத்த மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தவன், ஓசூருக்குக் கிளம்புவதற்கு முன் அப்பாவின் காரை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். டிரைவர் பக்கக் கதவின் பூட்டு ஆயுதபூசையிலிருந்தே சிக்கிக்கொண்டிருந்தது. சாவி நுழையும், திரும்பாது. எப்படியோ திரும்பினால் வெளியே வராது. இடதுபக்கக் கதவின் பூட்டு எப்போதோ செத்துப்போனதால் அந்த ஒரு பூட்டை நம்பித்தான் வண்டியே இருந்தது. மன்னார்குடி மெக்கானிக் புதுப் பூட்டு மாட்டிவிடலாம் என்றார். உன் அப்பா கேட்கவில்லை. “கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் பண்ண ஒரு சாவியா? ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொழப்பால்ல ஆயிடும்” என்று அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிட்டார். பூட்டாமல் விடவும் அவருக்கு மனசு வராது. தெருப் பிள்ளைகள் விளையாட்டாக உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆவது என்று பயப்படுவார்.

நீ கண்ணாடி இடுக்கில் கம்பியை விட்டுக் கதவைத் திறந்து, அதன் உள்பக்க அட்டையைக் கழற்றி, பூட்டைத் தனியாக எடுத்து, ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டாய். பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, கிண்ணத்தின் அடியில் செம்மண் மாதிரி ஒன்று படிந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். “அம்மா, இது பூட்டா, சாமி மாடமா? அரைச்ச சந்தனத்தையெல்லாம் இதுக்குள்ளயா கொட்டின?” என்றாய். எதிர்வீட்டு ராணி அத்தை வாசலில் நின்றபடியே, “கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுடா உங்கம்மா! அதான் பூட்டுக்கே பொட்டு வச்சிருக்கு” என்று சேர்ந்துகொண்டார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. உலை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வழக்கமான கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய்.

அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பென்சிலைச் சுரண்டிக் கரித்தூளைப் பூட்டுக்குள் ஊதினாய். “எண்ணெய் விட்டுடாதீங்கப்பா, அறுவடைத் தூசியெல்லாம் ஒட்டிக்கும். இதையே அப்பப்போ போடுங்க” என்றாய். பிறகு கதவை மாட்டினாய். சாவி திரும்பும் ‘டக்’ என்ற சத்தம் கேட்டது. அதற்குமேல் உன் அப்பாவின் குரல் வந்தது. அப்படி ஒரு சந்தோஷக் குரலை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. “பாத்தியாடா தம்பி? பூட்டுலதான் கோளாறு. என் மேல இல்ல! என் மேல இல்ல!”

தம்பி, கோளாறு பூட்டில் மட்டும் இல்லை. உன் அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

எப்போதிலிருந்து என்று சொல்ல எனக்கே தெரியவில்லை. அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டதில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. முதலில், இருட்டினால் வண்டி எடுப்பதை நிறுத்தினார். தூக்கம் வருகிறது என்றார். பிறகு வாடகைக்கு ஓட்டுவதை விட்டார். உடம்பு அசதி, சர்க்கரை வந்தால் அப்படித்தான் என்றார். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேனே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை. அதன்பின் ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து திரும்பி வரும்போது, “என்ன புள்ள உம்முன்னு வர்ற? ஏதாவது பேசிக்கிட்டு வா” என்றார். ஓட்டும்போது பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் முறைக்கிற மனுஷன்! எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. “எதிர்ல வர்றது நம்ம நெல் டிப்போ லாரிதானே?” என்று கேட்டார். “இல்லங்க, பஸ்ஸு” என்றேன். “அந்த வளைவுல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு, உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார். அங்கே நின்றது மைல்கல். அப்புறமும் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் வந்து சேர்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னோடு பேசிக்கொண்டு வரவில்லை; என் கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மடியில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சாலையில் இருந்த ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு ஆளையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் அவ்வளவு பேசியது என் ஆயுளில் அன்றைக்குத்தான்.

போன வருஷ அறுவடையில் நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, தை மாதத்தில் நம் பக்கத்துச் சாலையில் பாதி சாலையாக இருக்காது, களமாகத்தான் இருக்கும். நெல்லைக் கொட்டிப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். அன்று காலை நாங்கள் காரில் போகும்போது வெயில் எதிரே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் குனிந்து காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கட்டியிருந்ததும் நெல் நிறத்தில் ஒரு சேலை. முன்சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. நெல் நெறுநெறுவென்று அரைபட்டது. வண்டி நேராக அவளை நோக்கிப் போனது. “ஏங்க!” என்று நான் போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தார். அவள் துள்ளி வாய்க்கால் பக்கம் விழுந்து எழுந்தாள். “ஏண்ணே, மேலயே ஏத்திட்டுப் போயிடலாம்னு பாத்தியா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கேட்டாள். உன் அப்பா தலையை வெளியே நீட்டி, “நீ நெல்லு கலர்ல சேலை கட்டிக்கிட்டு நெல்லுக்குள்ள நின்னா எமனுக்கே தெரியாது தாயி” என்று சிரித்தார். அவளும் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். அதன்பிறகும் அவர் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து நின்றிருந்த இடத்துக்கும் வண்டியின் முகப்புக்கும் நடுவில் ஒரு முறம் வைக்கிற இடம்தான் இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்தச் சேலைதான் தெரிகிறது.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. “ஏங்க, தஞ்சாவூருக்குப் போயி ஒருதரம் கண்ணைக் காட்டிட்டு வந்துடுவோமா?” என்று ஒருநாள் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “போனா டாக்டரு என்ன சொல்லுவாரு? வண்டி ஓட்டாதேம்பாரு. அப்புறம் நான் வீட்ல உக்காந்து என்ன பண்றது? உன் சேலைய மடிச்சு வைக்கவா?” என்றார். அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் தைரியம் வரவில்லை என்று நீ கேட்பாய். சொல்கிறேன். நம் இரண்டு வீட்டிலும் எல்லாரும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள் அவர். பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்பே எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இனி எதற்குப் பரீட்சை என்று என்னைப் பெற்றவர்களே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை அன்று காலையில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த நெல் லாரி வாசலில் வந்து நின்றது. “ஏறு” என்றார். மன்னார்குடிக் கல்லூரி வாசலில் அந்த லாரியிலிருந்து நான் இறங்கியபோது சேலையின் பின்பக்கமெல்லாம் தவிடு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம் வண்டியில் ஏறி அழுதேன், காரணம் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு ஏறும்போது பார்த்தால், சீட்டின்மேல் அவருடைய கல்யாணப் பட்டுவேட்டி விரித்திருந்தது. தம்பி, அந்த மனுஷனிடம் போய், “உங்களுக்குக் கண் போய்விட்டது, சாவியைக் கொடுங்கள்” என்று நான் எப்படிக் கேட்பேன்? அவர் தன்னை இன்னொருவருக்குச் சமமாக நினைத்துக்கொண்டு நிற்கிற இடம் அந்த டிரைவர் சீட்டு ஒன்றுதான்.

இனிச் சொல்வதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆயுதபூசை அன்று எல்லாரையும்போல நானும் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். விளக்குக்கு, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, சாவித் துவாரத்துக்கு. அது பழக்கத்தில் வைத்தது, சத்தியம். கொஞ்சம் தாராளமாக அப்பிவிட்டேன்போல. சில நாள் கழித்துக் காய்ந்துபோய்ப் பூட்டு சிக்கிக்கொண்டது. அன்று அவர் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. சாவியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, “சனியன்” என்று திட்டிவிட்டு பஸ்ஸில் போனார். பஸ் கிளம்பிப் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. அந்த நிம்மதியை ஒருதரம் ருசி பார்த்தபின் என்னால் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படிக்குப் பொட்டு வைக்கும்போது, அந்தச் சந்தனத்தில் கொஞ்சத்தைக் கொண்டைஊசியால் எடுத்துப் பூட்டுக்குள் தள்ளினேன். நீ கழுவி எடுத்தது அதைத்தான்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திருடியைப் போல நடுங்கினேன். ஒரு தடவை வெளிப்பக்கம் வழிந்ததைத் துடைக்க மறந்துவிட்டேன். அவர் வந்து குனிந்து, சாவியை நுழைத்து, திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளை நிறக் கதவில் அவ்வளவு பெரிய மஞ்சள் தீற்றல். அவர் கண்ணில் படவில்லை. பிடிபடாமல் தப்பித்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. பூட்டு திறக்காதபோதெல்லாம் அவர் பூட்டைச் சந்தேகப்படவில்லை, தன்னையே சந்தேகப்பட்டார். சாவி சரியாக நுழையவில்லை, துவாரம் தனக்குத் தெரியவில்லை, விரலும் மரத்துப்போய்விட்டது என்று அவராக நினைத்துக்கொண்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “நீ கொஞ்சம் போட்டுப் பாரேன்” என்று சாவியைக் கொடுத்தார். நான் போட்டேன். திறக்கவில்லை. “உனக்கும் வரலல்ல?” என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். ‘ஆமாங்க, வரல’ என்று சொல்வதற்குள் என் உயிர் போய்விட்டது. அதற்குப்பின் அவர் வண்டிப் பக்கமே போகாமல் இருந்தார். இன்னும் கொஞ்ச காலம் அப்படியே விட்டிருந்தால், அவராகவே “போதும், வித்துடலாம்” என்று சொல்லியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் நீ வந்து பூட்டைக் கழற்றினாய்.

உன்மேல் தப்பில்லை. அப்பாவுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று செய்தாய். ஆனால் அவர் இத்தனை நாளாகத் தன்னைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தது எல்லாம் ஒரு கிண்ணம் சந்தனம்தான் என்று ஆகிவிட்டது. கண்ணைப் பற்றிய பயமும் அதோடு சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விட்டது. டீக்கடையில், டிப்போ வாசலில், பார்ப்பவர்களிடமெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். தினமும் காலையில் சாவியைப் போட்டுத் திறந்து திறந்து பூட்டுகிறார். நீ விட்டுப்போன பென்சிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். மறுபடியும் சந்தனத்தைத் தள்ளலாம் என்றால் இனி அது நடக்காது. நடந்தாலும் அவர் முகத்தை மறுபடி அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

இதோடு போயிருந்தால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். ராணி அத்தையின் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அதே செல்விதான். மாசி முடிவதற்குள் பிறந்துவிடும் என்கிறார்கள். போன வாரம் உன் அப்பா அவர்கள் வாசலில் நின்று, “நம்ம வண்டி இருக்கும்போது எதுக்கு அலையறீங்க? வலி எடுத்தா ஒரு குரல் குடுங்க. ராத்திரியா இருந்தாலும் சரி, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில கொண்டு விட்டுடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். இருட்டினால் வண்டி எடுப்பதில்லை என்று இருந்தவர், ராத்திரியானாலும் சரி என்கிறார். மறுநாள் ராணி அத்தையிடம் போய், “நூத்தியெட்டு நம்பரையும் போன்ல போட்டு வச்சுக்கங்க அத்தை, எதுக்கும் நல்லது” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஏம்மா, மாப்ள சும்மா கூட்டிட்டுப் போறேன்னது உனக்குப் பொறுக்கலையா? டீசல் நாங்க போட்டுக்கறோம்” என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நாளைக்குத் தெருவே அவரைக் குருடன் என்று பேசும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அந்த வண்டியில் ஏறும். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தாலே, செல்விக்கு வலி எடுத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றங்கரை வளைவு, நெல் காய்கிற சாலை, ஓரத்தில் கல், பின்சீட்டில் முனகிக்கொண்டு செல்வி. முன்சீட்டில் உட்கார்ந்து, மரம், ஆள், மாடு, பஸ் என்று நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒன்றை நான் சொல்லத் தவறினால் போதும்.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் பெரியவள் இல்லை. வெளியே போனால் இன்னும் சிலர் உன் அக்காவா என்று கேட்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு அமையும். அந்த வீட்டில் ஒருத்தி எதையாவது பார்த்துப் பயந்தால், பூட்டில் சந்தனம் வைக்கிற நிலைமைக்கு அவளை விட்டுவிடாதே. அவள் பேசாமல் இருந்தால் ஒருதரம் கேள். பதில் வராவிட்டால் இன்னொரு தரமும் கேள். உன் அப்பா நல்லவர், ஆனால் கேட்டதில்லை. நான் கோழை, அதனால் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்ததுதான் இன்றைக்குச் செல்வியின் தலைமேல் வந்து நிற்கிறது.

இப்போது, இத்தனை நேரம் சுற்றிச் சுற்றி வந்து கேட்காமல் இருந்ததைக் கேட்கிறேன். நீ கிளம்பி வா. செல்விக்கு வலி எடுப்பதற்கு முன் வா. வந்து உன் அப்பாவிடம் அந்தக் காரைக் கேள். உனக்கு அது தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். உன் அறை வாசலில் நிறுத்த இடமில்லை, கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது, பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் கேள். ஷிப்டுக்குப் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல். உங்கள் கை பட்ட வண்டியாக இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்று சொல். நான் கேட்டால் ஏன் என்பார். ஊர் கேட்டால் சண்டைக்குப் போவார். நீ கேட்டால் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிடுவார். ராணி அத்தையிடம் போய், “பையன் கேட்டுட்டான், என்ன பண்றது” என்று தலையை நிமிர்த்திக்கொண்டே சொல்வார். வண்டி போன பிறகு, டாக்டர் சொல்லிப் பறித்துக்கொள்ள அவரிடம் எதுவும் இருக்காது. அப்போது அவரைத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் நான் அழைத்துப் போகிறேன். அதை நான் செய்துவிடுவேன்.

ஓசூர் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்று கண்டிப்பாகச் சொல்வார். சம்மதிக்காதே. சாவியை வாங்கியதும் கிளம்பிவிடு. கேட்கும்போது அவர் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். உனக்கு வேண்டும் என்று மட்டும் கேள்.

அம்மா